அம்மாவின் கல்யாணமும் அப்பாவின் பென்ஷனும்

1

மர்த்தின் ஓய்வு பெற்ற நாளில்தான் அம்மா தன் கல்யாணத்தைப் பற்றி என்னிடம் கேட்டாள்.

மர்த்தின் அலுவலகத்தில் என் எதிர் மேசைக்காரி. பிரான்சின் லியோன் நகரில், ஓய்வூதிய நிதிகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதித் தரும் ஒரு சிறிய நிறுவனம் எங்களுடையது. ஒருவர் எத்தனை ஆண்டு உழைத்தார், எப்போது ஓய்வு பெறலாம், இறந்துபோனால் யாருக்கு எவ்வளவு என்ற கேள்விகளுக்கு இயந்திரம் தப்பில்லாமல் பதில் சொல்ல வேண்டும். அன்று மதியம் காகிதக் கோப்பைகளில் ஒயின் ஊற்றினார்கள். எல்லோரும் பங்கு போட்டு வாங்கிய மின்சைக்கிளை மர்த்தின் அறைக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டிக் காட்டினாள். அவள் கணவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. பக்கத்தில் நரைத்த தாடியோடு நின்றவரை, "இவர் என் துணை" என்று அறிமுகப்படுத்தினாள். இருவரும் போர்த்துகலில் கடலோரம் வீடு பார்த்திருக்கிறார்களாம். எல்லோரும் அவர் கையைக் குலுக்கினார்கள். அவ்வளவுதான்.

அப்போது போன் வந்தது. ஊரில் சாயங்காலம்.

"பாப்பா, எங்க இருக்க? ஒரே சத்தமா கேக்குது."

"ஆபீஸ்லதாம்மா. கூட வேலை செய்யறவங்க ரிட்டையர் ஆவுறாங்க. பார்ட்டி."

"என்னா வயசு?"

"அறுபத்தி மூணு."

"என்ன விட ஆறு வயசு பெரியவங்க. ஒண்ணு கேப்பேன். கோச்சிக்கக் கூடாது."

"கேளு."

"நான் கல்யாணம் கட்டிக்கினா உங்கப்பா பணம் நின்னுடுமா?"

யாரை என்று நான் கேட்டிருக்க வேண்டும். எப்போதிலிருந்து என்றாவது கேட்டிருக்க வேண்டும். "நின்னுடும்" என்று சொன்னேன். விதி தெரிந்த கேள்விக்கு உடனே பதில் சொல்லிப் பழகிய வாய்.

"ஓ" என்றாள் அம்மா. பிறகு, "சரி, கேக்கு வெட்டுவாங்க, போயி துண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

2

புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

என் அப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தார். நாற்பது வயதாவதற்கு முன்பே பென்ஷனோடு வந்து, ரெட்டியார்பாளையத்தில் மனை வாங்கி, வீடு கட்டி, அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டார். ஜூலை பதினான்காம் தேதி மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரைக்குப் போவார். மற்ற நாட்களில் சீட்டாடுவார். எனக்குப் பன்னிரண்டு வயதில் மாரடைப்பால் போய்விட்டார். அவர் பென்ஷனில் பாதி, மனைவி என்ற முறையில் அம்மாவுக்கு வருகிறது.

பாதி என்று சாதாரணமாக எழுதிவிட்டேன். அந்தப் பாதியில் நடந்தவை: என் பள்ளிக்கூடம், என் பொறியியல் படிப்பு, தம்பி பிரபுவின் மோட்டார் சைக்கிள், அவன் கல்யாணம், மாடி, மாடிக்கு ஓடு, என் முதல் விமான டிக்கெட், பங்காளிகள் மூன்று பேருக்குக் கைமாற்று. இன்றும் மளிகை அதில்தான். எங்கள் தெருவில் சொல்தா வீட்டு விதவையிடம் யாரும் சத்தம் போட்டுப் பேசமாட்டார்கள். ஜலதோஷம் பிடித்தால்கூட மருமகள் ஆவி பிடிக்க வைப்பாள். அன்பு இல்லை என்று சொல்லவில்லை. அன்பும் இருக்கிறது.

வருடத்துக்கு ஒரு முறை அவள் பிரெஞ்சுத் தூதரக அலுவலகத்துக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். நான் உயிரோடு இருக்கிறேன், மறுமணம் செய்துகொள்ளவில்லை, யாரோடும் சேர்ந்து வாழவில்லை என்று. எல்லாம் பிரெஞ்சில் இருக்கும்; காட்டிய இடத்தில் அம்மா கையெழுத்துப் போடுவாள். அந்த நாள் எங்கள் வீட்டில் விசேஷ நாள் மாதிரி. அம்மாவுக்குப் பட்டுப்புடவை. மாமா, தம்பி, சித்தி என்று யாராவது இரண்டு பேர் துணைக்குப் போவார்கள். முடித்துவிட்டு எல்லோரும் ஓட்டலில் பிரியாணி சாப்பிடுவார்கள். சிறுவயதில் எனக்கும் அந்த நாள் பிடிக்கும். அம்மா தனியாக இருப்பதை நாங்கள் கும்பலாகக் கொண்டாடிக்கொண்டிருந்தோம் என்பது தூரத்தில் இருந்து பார்க்கும்போதுதான் தெரிகிறது.

3

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விஷயத்தைக் கேட்டு வாங்கினேன்.

அவர் பெயர் மாணிக்கம். பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடிய பிறகு பல வேலை பார்த்து, இப்போது அறுபத்து நான்கு வயதில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். மனைவி இறந்துவிட்டார். மகள் கடலூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். அம்மா மாதம் ஒரு தரம் பிரஷர் மாத்திரை வாங்க அரசு ஆஸ்பத்திரிக்குப் போவாள். அவர் சுகர் மாத்திரைக்கு வருவார். முதலில் வருகிறவர் தன் பையையும் செருப்பையும் வரிசையில் வைத்து மற்றவருக்கு இடம் பிடிப்பார். இப்படி நாலு வருடமாம். தம்பிக்கும் தெரிந்திருக்கிறது. மாத்திரை வரிசைப் பழக்கம்தானே என்று விட்டுவைத்திருந்தான்.

"அவரு கேட்டாரா, நீ கேட்டியா?" என்றேன்.

"நான்தான் கேட்டேன். அவரு கேக்கற ஆளா? ரெண்டு டீ சொல்றதுக்கே பத்து வாட்டி யோசிப்பாரு."

"கல்யாணம் வேணாம், சும்மா சேந்து இருக்கலாம்னாலும் முடியாதும்மா. அதுவும் விதில இருக்கு."

"எப்படி எழுதியிருக்கு?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பிரெஞ்சில் அது ஒரு சட்டச் சொல். மர்த்தின் வீட்டு வரிப் படிவத்தில்கூட இருக்கும். அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வாயைத் திறந்தால், வருகிற ஒவ்வொரு சொல்லும் தெருச்சண்டையில் கேட்ட சொல்லாக இருந்தது. வைத்துக்கொள்வது, சேர்த்துக்கொள்வது, இன்னும் மோசமானவை. "புருசன் பொண்டாட்டி மாதிரி" என்று இழுத்தேன்.

"மாதிரின்னா, யாரு பாத்து சொல்லுவாங்க?"

"ஊருக்குத் தெரியற மாதிரி இருந்தான்னு போட்டிருக்கு."

அம்மா சிரித்துவிட்டாள். "நம்ம தெருவுல நான் தும்முனாலே ஊருக்குத் தெரியும் பாப்பா."

4

விடுமுறை எடுத்துக்கொண்டு போனேன். கையெழுத்து நாளும் அந்த இரண்டு வாரத்துக்குள்தான் வந்தது.

பிரபு என்னை அழைத்துவர விமான நிலையத்துக்கு வந்திருந்தான். திண்டிவனம் தாண்டியதும் கியரை மாற்றிக்கொண்டே சொன்னான்: "அக்கா, நான் ஒண்ணும் வில்லன் கெடையாது. அம்மாவுக்கும் ஒரு ஆளு வேணும், எனக்குப் புரியுது. அதனால ஒரு ஐடியா சொல்லியிருக்கேன்."

"என்ன?"

"மாடி சும்மாதான கெடக்கு. அவரு வாடகைக்கு வரட்டும். அக்ரிமென்ட் போட்டுடலாம். மேல தனி மீட்டரு, தனி வாசலு. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"வாடகை வாங்குவியா?"

"வாங்கித்தான் ஆவணும். அக்ரிமென்ட்னா ஒரு தொகை போட வேணாமா?" என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கம்மியாத்தான் போடுவேன்" என்றான்.

அம்மாவின் துணைக்குத் தம்பி வாடகை நிர்ணயம் செய்துகொண்டிருந்தான். எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. ஆனால் முழுக் கோபமாக வரவில்லை. அவனிடமும் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறது. ஒரு வருடம் என்னோடு வந்து தங்கினான். மொழி ஏறவில்லை. சரக்குக் கிடங்கில் விடியற்காலை வேலை. குளிரில் கை வெடித்து, ஒருநாள் குளியலறையில் உட்கார்ந்து அழுதுவிட்டுத் திரும்பிப் போனான். இப்போது சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் வேலை. பதினோரு மாதத்துக்கு ஒரு முறை வேலையை விட்டு எடுத்து, மறுபடி புதிய ஆளாகச் சேர்ப்பார்கள். பி.எஃப். பிடிக்கிறார்கள். கட்டுகிறார்களா என்று அவனுக்கே நிச்சயமில்லை.

"உனக்கு அங்க கவருமென்ட்டு பாத்துக்கும்" என்றான். "எனக்கு யாரு? எனக்கு அம்மா பென்ஷன்தான் கவருமென்ட்டு."

மாடி யோசனையை அம்மா ஏற்கவில்லை என்பதை வீட்டுக்குப் போனதும் தெரிந்துகொண்டேன். "மாடிப்படில செருப்பைக் கையில புடிச்சிகினு ஏறணுமா இந்த வயசுல?" என்று கேட்டாளாம்.

5

மாத்திரை வரிசைக்கு நானும் போனேன். அவர் எழுந்து நின்றார். நரைமுடியை நனைத்து வாரியிருந்தார். காக்கிச் சட்டையில் குடியிருப்பின் பெயர்.

"வாங்கம்மா. அங்க குளிராமே?"

"ஆமாங்க. பழகிடுச்சு."

"அம்மா சொல்லும். நீங்க பென்ஷன் கணக்கு போடற வேலைன்னு. எங்க மில்லுக்காரனுங்க கணக்கையும் நீங்களே போட்டிருக்கலாம்." சிரித்தார். "மில்லுல இருவத்தாறு வருசம். இப்ப மாசம் ஆயிரத்துச் சொச்சம் குடுக்கறான். மாத்திரைக்கும் பஸ்ஸுக்கும் அது சரியாப் போவும். மாத்திரை இங்க ஃப்ரீ. அதனால பஸ்ஸுல நல்லா சுத்தலாம்."

அம்மா அவரை முறைத்தாள். "வந்த புள்ளகிட்ட சுகர் எவ்ளோன்னு சொல்லுங்க. அத சொல்ல மாட்டாரு."

"போன வாட்டிக்கு இந்த வாட்டி கம்மிதான்."

"கம்மியாம். நேத்து ஜிலேபி துன்னாரு பாப்பா, வாயில ஒட்டினு இருந்துது."

அவர் மருந்துச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மா யாரையும் இப்படித் திட்டி நான் கேட்டதில்லை. அப்பாவைத் திட்டியதே இல்லை. அவர் பென்ஷன்காரர்.

அம்மா கவுன்டருக்குப் போன நேரத்தில் மட்டும் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "என்னால அவங்க ஒரு ரூபா எழக்கக் கூடாதும்மா. நான் குடுக்க ஒண்ணும் இல்ல. எடுத்துக்காம இருக்கலாம், அது ஒண்ணுதான் முடியும்."

6

என் தொழில் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் எழுதினேன்:

அப்பா: பதினேழு வருட வேலை. அவர் இறந்த பிறகும் ஒரு குடும்பம் பிழைக்கிறது.
மாணிக்கம்: இருபத்தாறு வருட வேலை. பஸ் டிக்கெட்.
பிரபு: பதினொன்று பதினொன்று மாதங்களாக. தெரியாது.
நான்: நாற்பத்து மூன்று வருடம் கட்ட வேண்டும். நான் கட்டுவது எனக்காகச் சேர்வதில்லை. இன்று ஓய்வில் இருப்பவர்களுக்கு அந்த மாதமே போய்விடுகிறது. எனக்குக் கொடுக்க வேண்டியவர்கள் இன்னும் பிறக்கவில்லை.
அம்மா: சோறாக்கினாள், இரண்டு பிள்ளை வளர்த்தாள். எந்த அட்டவணையிலும் அவளுக்கு ஒரு வரி இல்லை. யாரோ ஒருவரின் மனைவியாக இருந்ததும், வேறு ஒருவரின் மனைவி ஆகாததும்தான் அவள் தகுதி.

இந்தக் கடைசி வரியை எழுதிவிட்டுத்தான் முடிவு செய்தேன். அந்தப் பாதிப் பென்ஷனை மாதாமாதம் நான் அனுப்பிவிடுவது. லியோனில் வீடு வாங்கும் எண்ணத்தைத் தள்ளிப்போட்டால் முடியும்.

முதலில் பிரபுவிடம் சொன்னேன். இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். அவன் மனைவி நித்யா பரிமாறிக்கொண்டிருந்தாள். அம்மா அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அதே அமௌன்ட்டா?" என்றான்.

"அதே அமௌன்ட்."

"அப்ப சரி. கல்யாணத்த முருகன் கோயில்லயே வெச்சிக்கலாம்."

அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தது எனக்கு வலித்தது. அவனை ஆறுதல்படுத்துவதாக நினைத்து இன்னொன்றையும் சொன்னேன். "அந்தப் பென்ஷன் மொத்தமா போயிடாது. ரெண்டாவது கல்யாணம் முடிஞ்சிட்டா, திரும்பக் கேட்டு வாங்கலாம்னு விதி இருக்கு."

"முடிஞ்சிட்டான்னா?"

"விவாகரத்து ஆனா. இல்ல, அவரு இறந்துட்டா."

பிரபு தோசையைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்தான். "அவருக்கு சுகர் இருக்குல்ல?"

"சும்மா இருங்க" என்றாள் நித்யா.

"கணக்குக்குதான் கேக்கறேன். அக்கா அந்த வேலதான செய்யுது. அறுவத்தி நாலு, சுகரு, நைட் டூட்டி. எத்தினி வருசம் வரும்?"

அம்மா தோசைத் திருப்பியோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"எழுதிக் குடுக்கச் சொல்லவாடா?" என்றாள். "இன்ன தேதிக்குள்ள போயிடுறேன்னு அவருகிட்ட ஒரு பாண்டு பேப்பர்ல வாங்கித் தரேன். இந்தா, தோச ஆறுது."

ஆயுள் அட்டவணைகள் எனக்கு மனப்பாடம். பிரெஞ்சு ஆணுக்கு ஒன்று, இந்திய ஆணுக்கு ஒன்று. பிரபு கேட்டு முடிப்பதற்குள் என் தலைக்குள் அந்த எண் வந்துவிட்டிருந்தது.

7

மறுநாள் காலை அம்மா என்னைப் பெரிய மார்க்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்து, விலையை அடித்து, துண்டு போடச் சொல்லிவிட்டு, கத்தி விழும் சத்தத்துக்கு நடுவே சொன்னாள்:

"நீ அனுப்பறேன்னு சொன்னியாம். வேணாம்."

"என்னால முடியும்மா."

"முடியும். எனக்குத் தெரியும். உங்கப்பா செத்தப்ப எனக்கு முப்பத்தெட்டு. அன்னிலேர்ந்து எவன்கிட்டயும் நான் கை நீட்டல. உன் சித்தப்பனுங்க எல்லாம் என்கிட்ட வந்து கேட்டானுங்க. நீ குடுப்ப. ஒரு மாசம் லேட்டாவும். நான் கேக்க மாட்டேன். மறந்துட்டாளோன்னு நெனப்பேன். ரெண்டு மாசம் லேட்டாவும். அப்புறம் உன் மேல எனக்குக் கோவம் வரும். அந்த சர்க்காரு மேல எனக்கு இதுவரைக்கும் கோவமே வந்ததில்ல."

"அவரு?"

மீன்காரம்மா பையை நீட்டினாள். அம்மா வாங்கிக்கொண்டு மீதிச் சில்லறையை எண்ணாமல் சுருக்குப்பையில் போட்டாள்.

"கட்டிகினா வீட்டுல ரெண்டு பேரும் உன்கிட்ட கேட்டுத் துன்னணும். அவருக்கு ஒரு பேண்ட் பிட்டு எடுக்கணும்னாலும் நான் லியோனுக்கு போன் போடணும். இப்ப என் பேர்ல வருது. யாருக்கு ஜிலேபி வாங்கிக் குடுத்தேன்னு கேக்க ஆளில்ல." கொஞ்சம் நடந்தபின் சொன்னாள்: "எல்லாத்துக்கும் ஆசப்பட முடியுமா?"

மர்த்தினுக்கு முடிந்தது என்று சொல்ல நினைத்தேன். மர்த்தின் முப்பத்தொன்பது வருடம் தன் பெயரில் சம்பளம் வாங்கியவள். சைக்கிளும் துணையும் கடலோர வீடும் அவளுக்குத் தனித்தனி வரிகளில் இருந்தன. அம்மாவுக்கு எல்லாம் ஒரே வரியில் இருந்தது. அதை மீன் சந்தையில் நின்று எப்படி விளக்குவது?

8

கையெழுத்து நாளில் நான் மட்டும் துணைக்குப் போனேன். மற்றவர்களை அம்மா வர வேண்டாம் என்றுவிட்டாள். பட்டுப்புடவையும் இல்லை.

அலுவலகத்துக்குள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் அம்மா வயது அல்லது மேலே. விபூதி, சிலுவைச் சங்கிலி, பெரிய கைப்பை. ஒருவரையொருவர் தெரியும். பேரன் பேத்திகளைப் பற்றிப் பேசினார்கள். அம்மாவின் முறை வந்ததும் அதிகாரி வாக்கியங்களைப் பிரெஞ்சில் மெதுவாகப் படித்தார். நல்ல மனிதர், மரியாதையாகப் பேசினார். நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

"மறுமணம் பண்ணிக்கலன்னு சொல்றீங்களா."

"பண்ணிக்கல."

"யார்கூடவும் சேந்து வாழலன்னு."

அம்மா என்னைப் பார்த்தாள். "இல்லன்னு சொல்லு. நெசந்தான். தனியாத்தான் இருக்கேன்."

பிரெஞ்சில் சொன்னேன். அவள் பேனாவை வாங்கி, அப்பாவின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. எதிர்ச் சாரியில், மர நிழலில், மாணிக்கம் தன் டி.வி.எஸ். மொபெட்டோடு நின்றிருந்தார். இரவுப் பணி முடிந்து நேரே வந்திருக்க வேண்டும், காக்கிச் சட்டையை மாற்றவில்லை. அவரைத் தவிர அந்த நிழலில் இன்னும் மூன்று ஆண்கள், தங்கள் தங்கள் வண்டிகளோடு. எல்லோருக்கும் வயதாகியிருந்தது. ஒருவர் கையில் ஒரு பெண்ணின் குடை இருந்தது. நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அலுவலக வாசலையும் பார்க்கவில்லை. கடல் பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கையைக் காட்டி ஓர் ஆட்டோவை நிறுத்தினாள். ஏறி உட்கார்ந்து, ரெட்டியார்பாளையம் என்று சொன்னாள். ஆட்டோ திரும்பி ஒரு தெரு தாண்டியதும் கேட்டாள்:

"பின்னால வராரா?"

ஓட்டுநரின் கண்ணாடியில் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி, வேகத்தைக் குறைத்து, வந்துகொண்டிருந்தார்.

"வராரு."

"சரி. பாக்காத மாதிரி உக்காரு."